ஒன்பது மணிக்கு மேல் வந்த தண்ணீர்

1984ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். முந்திய இரவு பதினொன்றரைக்குப் பிடித்த மழை விடியற்காலை நான்கு மணிக்குத்தான் விட்டிருந்தது. செம்பனை மட்டைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. வானம் வெளுத்துவிட்டது. வெயில் கடுமையாக ஏறப்போகிறது என்பது பின்கழுத்தில் தெரிந்தது.

கால்வாய் அடைப்பு எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். உங்களிடம் உள்ள இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் என் தவறு ஒன்றை எழுதுகிறேன். நான் செய்தது இருபத்தொரு நிமிடத் தவறு. எட்டு ஐம்பத்து மூன்றுக்குத் தொடங்கி ஒன்பது பதினாலுக்கு முடிந்தது. கைக்கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் சிலாங்கூரில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் என்று கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு, அதோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கால்வாய், கழிப்பறை, குடிநீர் எல்லாம் என் பொறுப்பு. தோட்டத்தில் மேட்டு லயம் ஒன்று, பள்ளத்து லயம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே தோட்டச் சாலை. குன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து ஒரே குழாய் மேட்டு லயம் வழியாக இறங்கிப் பள்ளத்து லயத்துக்குப் போகும். தண்ணீர் நாள் முழுக்க வராது. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, மாலை நாலிலிருந்து ஆறு வரை. ஒன்பதாவது மணி அடித்ததும் தொட்டியடியில் இருக்கும் வால்வைப் பம்புக்காரர் சுப்பையா மூடிவிடுவார். அவர் மூடுவதைப் பார்த்து அலுவலக எழுத்தரான கிராணி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கங்காணி போல வேலை வாங்கும் மண்டோர் மாரிமுத்து வீட்டில் கல்யாணம். பள்ளத்து லயத்தில் நாலாவது வீடு. மூத்த பெண். விருந்துக்கு முன்னூறு பேர். மழையில் மேட்டு லயத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டது. சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாயின் வாயில் ஏதோ சிக்கி, கழிவுநீர் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைக்கு நேர் முன்னால்தான் மாப்பிள்ளை வீட்டுப் பஸ் வந்து நிற்கும்.

"டிரெஸ்ஸர், சம்பந்தி கால வைக்கிற எடம் அது," என்றார் மாரிமுத்து. "இந்த நாத்தத்துல எறங்கினா அந்தம்மா பஸ்ஸ விட்டே எறங்காது லா. எப்படியாச்சும் சீக்கிரமா எடுத்துக் குடுங்க."

கால்வாய் வேலை பார்த்த அக்கா மூங்கிலும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பதினான்கு ஆண்டுகளாக அந்தத் தோட்டத்துக் கால்வாய்களைச் சுத்தம் செய்தவர். அவர் பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. சாலையின் மறுபக்கத்துக்குப் போய் அங்கிருந்து மூங்கிலை விட்டுக் குத்த வேண்டும், அரை நாள் ஆகும் என்றார். எனக்கு அரை நாள் பொறுக்கவில்லை. குட்டைக்குப் பக்கத்திலேயே மேட்டு லயத்தின் கடைசிப் பொதுக்குழாய். மருந்தகத்தில் என்னுடைய முப்பதடிப் பச்சை ரப்பர் ஹோஸ். குழாயில் மாட்டி, மறுமுனையை அடைப்புக்குள் செருகி, சுற்றிச் சாக்கைத் திணித்துவிட்டால் தண்ணீர் வேகம் அடைப்பைப் பிய்த்துத் தள்ளிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"குடிக்கிற தண்ணி வர்ற குழாய இதுக்குள்ள விடலாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"தண்ணீர் வெளியேதானே வருகிறது அக்கா. உள்ளே எப்படிப் போகும்?" என்றேன்.

அவர் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். படித்தவன் சொல்லிவிட்டான், அதற்கு மேல் என்ன சொல்வது என்ற நடை அது. அந்த நடை எனக்கு அப்போதே உறுத்தியது. உறுத்தியும் ஹோஸை மாட்டினேன். மணி எட்டு ஐம்பத்து மூன்று.

என் பழக்கப்படி மர அளவுகோலைக் குட்டையின் ஓரத்தில் நட்டுவைத்தேன். நீர்மட்டம் இருபத்திரண்டு அங்குலம். ஏழு நிமிடம் வரை அசையவே இல்லை. ஒன்பது மணி அடித்த சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்தும் மனதில் ஏறவில்லை. நிமிடத்தை எண்ணுகிற நான் அந்த மணியைத் தவறவிட்டேன் என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்பது ஐந்துக்கு மட்டம் இருபதுக்கு வந்தது. ஒன்பது பத்துக்குப் பதினெட்டு.

"இறங்குது அக்கா," என்று சாலைக்கு மேலே எட்டிப்பார்த்துக் கத்தினேன். "நாலு அங்குலம் போய்விட்டது. அடைப்பு விட்டுவிட்டது."

"இங்க ஒண்ணும் வரலீங்க."

"வரும், வரும். குழாய்க்குள்ளே வந்துகொண்டிருக்கும்."

"பதினெட்டு அடி குழாய்க்குள்ள எம்புட்டு நேரம் வரும்?"

நல்ல கேள்விதான். நான் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு. மனம் குளிர்ந்துபோயிருந்தது. அக்கா சாலையைக் கடந்து வந்தார். குட்டையைப் பார்த்தார், மறுபக்கத்துக் காய்ந்த வாயைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு அங்குலம் போச்சு, சரி. எங்க போச்சு?"

அவர் குனிந்து ஹோஸைக் காட்டினார்.

"அதப் பாருங்க. வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு."

தண்ணீர் வேகத்தில் விறைத்து நிற்க வேண்டிய ஹோஸ் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. பிடித்து இழுத்தேன். முனை குட்டையிலிருந்து வெளியே வந்ததும் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இளநீரில் கடைசி வாயை உறிஞ்சுவது போன்ற சத்தம். மணி ஒன்பது பதினாலு.

தம்பிகளே, நடந்தது இதுதான். சுப்பையா மேலே வால்வை மூடியதும் குழாய்க்குள் தள்ளும் வேகம் நின்றுவிட்டது. கீழே பள்ளத்து லயத்தில் குழாய்கள் திறந்திருந்தன. குழாயில் இருந்த தண்ணீர் அங்கே இறங்க இறங்க, மேலே என் ஹோஸ் குட்டையை உறிஞ்சிக் குடிநீர்க் குழாய்க்குள் அனுப்பியது. பன்னிரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஐந்து அங்குலம். நாற்பத்தாறு காலனுக்கு மேல். நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.

பள்ளத்து லயத்தில் அந்த நேரத்தில் குழாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்கத் தேவையில்லை. கல்யாண வீட்டார்தான். நாற்பத்து நான்கு காலன் டிரம் எட்டு. சமையலுக்கும் குடிப்பதற்கும்.

குறுக்குப் புத்தி ஒன்று அப்போது என் தலைக்குள் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஹோஸைப் பார்த்தவர்கள் நானும் அக்காவும் மட்டும். மருந்தகத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. டிரம்மில் பூச்சி விழுந்திருக்கும், சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி, டிரம்முக்கு ஒரு கரண்டி கலக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? எத்தனை கரண்டி என்று எண்ணக்கூடத் தொடங்கிவிட்டேன். அங்கேதான் தடுக்கியது. எந்த டிரம்மில் எவ்வளவு கழிவு போயிற்று என்று தெரியாமல் எத்தனை கரண்டி என்று எப்படிச் சொல்வது? விடை தெரியாத கணக்குக்கு முன்னூறு பேரின் வயிற்றை வைக்க முடியாது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்கிறேன்."

"அப்ப ஓடுங்க. நடந்தா அரிசி களைஞ்சிருவாங்க."

ஓடினேன். கல்யாண வீட்டில் ஒரே கொண்டாட்டம். மாரிமுத்துவின் மனைவி என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "டிரெஸ்ஸர், இந்தச் சுப்பையா அண்ணனுக்கு இவ்வளவு நல்ல மனசுன்னு தெரியாமப் போச்சு பாருங்க. ஒம்போது மணிக்கு மேலயும் தண்ணி விட்டிருக்காரு. கல்யாண வீடுன்னு யோசிச்சு விட்டிருக்காரு. எட்டு டிரம்மும் கழுத்து வரைக்கும் ரொம்பிருச்சு," என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சுப்பையாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன். குட்டை, ஹோஸ், வால்வு, எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "தப்பு என்னுடையது. இந்தத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது," என்றேன். அரிசி இன்னும் களையவில்லை என்று சமையல்காரர் சொன்னார். அவர் தேநீர் போட்டது எட்டரைக்கு. அதுவும் கொதித்த தண்ணீர்.

"குழாய்த் தண்ணீரை ஒன்பது மணிக்கு மேல் பச்சையாகக் குடித்தவர்கள் யார்?"

எல்லோரும் மாரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த தகர மக்கை மெல்லக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு மக்குதான் டிரெஸ்ஸர். இப்பத்தான்."

"முழு மக்கா?"

"முக்கால்."

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினார். மாரிமுத்து சிரிக்கவில்லை. எட்டு டிரம்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னை ஏசப்போகிறார் என்று நின்றேன். ஏசியிருந்தால் மனம் லேசாகியிருக்கும்.

"எல்லாத்தையும் கொட்டணுமா?"

"எல்லாவற்றையும்."

"கொட்டுங்க," என்றார். "சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னூறு பேரு முன்னாடி வயித்தப் புடிச்சுகிட்டு வரிசையில நின்னா, அப்புறம் என் பேரு சாகுற வரைக்கும் பேதி மண்டோர்தான்."

முதல் டிரம்மை அவரே சாய்த்தார்.

இனி தண்ணீருக்கு என்ன வழி? குழாய் கெட்டுவிட்டது. ஆனால் தொட்டி கெடவில்லை. வால்வுக்குக் கீழேதான் கழிவு ஏறியது, மேலே இருக்கிற தண்ணீர் சுத்தம். தொட்டியைக் கழுவி விடுவதற்கென்று அதன் அடியில் தனியாக ஒரு வாய் உண்டு. அதைத் திறந்து அங்கேயே பிடித்துக்கொண்டால் லயத்துக் குழாயே தேவையில்லை. நான் குன்றேறினேன். மழைச் சேற்றில் மூன்று முறை விழுந்தேன்.

சுப்பையா பம்பு வீட்டு வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மணி ஒம்போதே முக்கால். நாலு மணிக்கு வாங்க."

"அவசரம் சுப்பையா அண்ணே. கல்யாண வீட்டுக்குத் தண்ணீர்."

"எனக்கு எல்லா வீடும் ஒண்ணுதான். கல்யாண வீட்டுக்குத் திறந்தா நாளைக்குக் காதுகுத்து வீட்டுக்குத் திறக்கணும்."

"கழுவுகிற வாயை மட்டும் திறந்தால் போதும்."

"துரைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

துரை என்று நாங்கள் சொல்வது தோட்ட நிர்வாகியை. அவர் அன்று விடுமுறையில் பினாங்கு போயிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நீங்கள் ஏற்கனவே ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் விட்டதாகத்தானே லயம் முழுக்கப் பேச்சு," என்றேன்.

வெற்றிலை கையில் அப்படியே நின்றது.

"யாரு சொன்னது?"

"எல்லோரும். உங்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள்."

"நான் ஒம்போது மணிக்கு மேல ஒரு சொட்டு விட்டதில்ல," என்று எழுந்தார். "பதினோரு வருஷம். ஒரு சொட்டு. எவ சொன்னா?"

அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு பெரிய ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். "தொறங்க. இது கழுவுற வாய். தண்ணி விடுற வாய் இல்ல. கழுவுறதுக்கு மணி கெடையாது," என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். வேட்டிப் பேச்சை அவரே நேரில் போய் நிறுத்த வேண்டியிருந்தது.

குன்றுப் பாதையில் லோரி ஏறாது. அதனால் வாளிதான். டிரம்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தோம். வாளிகளையும் அப்படியே. வாளியை வாழையிலையால் மூட வேண்டும், தரையில் வைக்கக் கூடாது, உள்ளே கை படக் கூடாது என்று மூன்று விதிகள் போட்டேன். கால்வாயில் கை வைத்தவர்கள் குளிக்காமல் வாளியைத் தொடக் கூடாது என்று நாலாவதும் போட்டேன். போட்ட பிறகுதான் கேட்பவர்களுக்கு அது அக்கா ஒருவரைத்தான் குறிக்கும் என்று உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது எனக்கு.

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சாலையின் மறுபக்கம் உட்கார்ந்து மூங்கிலை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு வேலை செய்திருந்தார். குடிநீர்க் குழாய் எங்கே எங்கே மண்ணுக்குள் போகிறது என்று என்னைக் கேட்டு, அந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டு, குட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மண்மூட்டை அடுக்கியிருந்தார்.

"அடைப்பு எங்கன்னு அப்புறம் பார்க்கலாங்க," என்றார். "குடிக்கிற தண்ணி எந்தப் பக்கமாப் போகுதுன்னு மொதல்ல பார்க்கணும். நான் தெனம் அப்படித்தான் செய்யிறேன்."

பதினான்கு ஆண்டுகளாக அவர் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார். அவருக்கு மேற்பார்வையாளனாக இருந்த நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

பன்னிரண்டரைக்கு அடைப்பு வந்தது. மலேசிய தேசிய தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் ஒரு பந்தாக, ஜப்பான் சிலிப்பர் ஏழு, அத்தனையும் இடது கால், ஒரு பால்மாவு டின், பாதி வாழைத்தண்டு. எண்ணிக் குறித்துக்கொண்டேன். கழிவை மூட்டை கட்டி, குழாய் போகாத பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் விரித்தார்.

"ரெண்டு தடவ சோப்புப் போட்டாச்சு. எண்ணிப் பாத்துக்குங்க. பத்து வெரலு."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் நானும் சிரித்தேன். அப்போது மாரிமுத்துவின் மனைவி வந்தார். கல்யாண வீட்டு அடுப்புக்கு உலைவைக்கும் முதல் தண்ணீரை வீட்டுக்காரர்கள்தான் கொண்டு வருவார்கள். அந்த வாளியை அவர் அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு குன்றுப் பாதையில் ஏறினார். லயத்தில் அவரைக் குழாயடியில் ஒதுங்கி நிற்கச் சொன்னவர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் அவருக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்தார்கள்.

இரண்டு மணிக்கு மேளக்காரர்கள் நாலு பேர் வந்து இறங்கினார்கள். மாலைதான் அவர்களுக்கு வேலை. தவில்காரர், "என்ன லா, ஊரே குன்றிலேருந்து எறங்குது, சும்மாவா வர்றது?" என்று தவிலை மாட்டினார். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தோட்டத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் பார்த்திருக்கிறேன், சாமி ஊர்வலம் பார்த்திருக்கிறேன். வாழையிலை மூடிய வாளிகள் மேளத்தோடு செம்மண் பாதையில் இறங்கி வந்ததை அன்று மட்டும்தான் பார்த்தேன். ஆட்டம் தெரிந்தவர்கள் ஆடிக்கொண்டே வந்தார்கள். சுப்பையாகூட ஒரு வாளி தூக்கினார், தான் எந்த வால்வையும் திறக்கவில்லை என்று எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே. நான் கீழே நின்று எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொரு வாளி. வாளிக்கு இரண்டு காலன், கணக்குப்படி நூற்று எழுபத்தாறு போதும். பதினைந்து வாளி ஆட்டத்தில் சிந்தியது.

நாலு மணிக்கு வால்வைத் திறந்தபோது லயத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஓடவிட்டோம். மருந்து கலந்து மறுபடியும் ஓடவிட்டோம். தண்ணீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி நல்ல பதில் வரும்வரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நாற்பத்திரண்டு வீடு.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. சம்பந்தியம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, மூக்கைச் சுளிக்காமல் நடந்து போனார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. முக்கால் மக்கு தண்ணீர் மாரிமுத்துவின் வயிற்றில் இருந்தது. காலையில் இரண்டு முறை விசாரித்தேன். தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் மணவறைக்குப் பின்பக்கமாகப் போய் அவர் காதருகில், "வயிறு எப்படி?" என்றேன்.

"டிரெஸ்ஸர், பொண்ணக் கட்டிக் குடுக்குறேன்," என்று பல்லைக் கடித்தார்.

"தெரியும். எத்தனை தடவை?"

"ஒரு தடவ. வழக்கமான தடவ. போய் உக்காருங்க."

மூன்று நாளில் ஒன்பது முறை கேட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் வயிற்றுப்போக்கு என்று மருந்தகத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவர் கல்யாணத்துக்கே வரவில்லை. குவாலா சிலாங்கூர் போய் நண்டு தின்றவர். அதையும் மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் ஹோஸ் என்னைத் தூங்கவிடவில்லை. லயத்தைச் சுற்றி வந்தேன். என்னுடையதைப் போல இன்னும் பத்தொன்பது ஹோஸ்கள். துணி ஊறும் தொட்டியில் சில, வாத்துக் குட்டையில் ஒன்று, கால்வாயில் நாலு, முனை அமிழ்ந்து கிடந்தன. தினமும் ஒன்பது மணிக்குச் சுப்பையா வால்வை மூடிக்கொண்டுதான் இருந்தார். முதலில் என் முப்பதடி ஹோஸைப் பாராங் கத்தியால் வெட்டினேன். பிறகு அந்தப் பத்தொன்பதையும், முனை எந்த நீரையும் தொடாதபடி ஒரு சாண் மேலே நிற்கும் அளவுக்கு வெட்டினேன்.

"ஊசி போடுற ஆளுக்கு ஹோஸ் வெட்டுற வேல யாரு குடுத்தது?" என்று மேட்டு லயத்தில் ஒரு பெண் கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை, நேராகத் துரையிடம் போனார்கள். பினாங்கிலிருந்து திரும்பிய துரை இரண்டு தரப்பையும் கேட்டார். வெட்டியது சரிதான், ஹோஸ் அவர்கள் சொந்தக் காசில் வாங்கியது, ஆகவே டிரெஸ்ஸர் பணம் கொடுக்கட்டும், இனி தோட்டத்தில் யாரும் நீள ஹோஸ் வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதைவிட நல்ல தீர்ப்பை நான் கேட்டிருக்க முடியாது.

பத்தொன்பது ஹோஸ், ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளி எண்பது காசு வீதம் ஐம்பத்து மூன்று வெள்ளி இருபது. என் சொந்த ஹோஸ் ஒன்பது வெள்ளி. டிரம் தேய்க்கச் சோப்பும் பிரஷும் மூன்று வெள்ளி அறுபது. தண்ணீர் ஊர்வலத்துக்கு வாசித்த மேளக்காரர்களுக்கு, மாரிமுத்து கொடுக்க வந்ததைத் தடுத்து நானே கொடுத்தது இருபது வெள்ளி. அந்த இருபத்தொரு நிமிடத்துக்கு மொத்தம் எண்பத்தைந்து வெள்ளி எண்பது காசு.